செத்தவன் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் பழுது. ஐந்து மாடி ஏறி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தால், மேசைமேல் எங்கள் குழு ஒருங்கிணைப்பாளரின் துண்டுச் சீட்டு. ‘மேஸ்திரியின் பெயரை ஜூன் கூட்டத்தில் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப் போகிறார்கள். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?’

என்ன ஆட்சேபம்? செத்தவனுக்குப் பயணத் தடை எதற்கு, சொத்து முடக்கம் எதற்கு? அவன் செத்துவிட்டான் என்று எழுதியதே நான்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை, பத்தி 61. ‘ஆட்சேபம் இல்லை’ என்று பதில் எழுதினேன், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடப் படிவத்தை நீட்டினாள். ‘தாயின் தொழில்’ என்று விரற்கடை அளவுக்கு ஒரு கட்டம்.

“ஆயுதக் குழு நிபுணர்னு மட்டும் போட்டுடாதம்மா. எங்க கிளாஸ்ல எவனும் எங்கூடப் பேச மாட்டான்.”

“அப்ப அதையே போடு” என்றார் இவர், தட்டைக் கழுவிக்கொண்டே.

உள்ளபடி எழுதுவதானால் இப்படி எழுத வேண்டும்: பத்து வருடமாகச் சண்டை ஓயாத ஒரு நாட்டுக்குள் யாரும் ஆயுதம் அனுப்பக் கூடாது என்று தடை இருக்கிறது. அதை மீறுகிறவர்கள் யார் என்று தேடித் தடைக் கமிட்டிக்கு எழுதும் ஐந்து பேரில் நான் ஒருத்தி. எந்தப் படைக்கு யார் தலைவன், எது உடைந்தது, எது உடைந்த மாதிரி நடிக்கிறது — அது என் பங்கு. கட்டத்தில் இடம் இல்லை. ‘ஆய்வாளர்’ என்று போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

குளிர்பெட்டிக்காரரின் மனைவியிடமிருந்து மறுபடியும் கடிதம். மூன்று மாதத்துக்கு ஒன்று, தவறாமல் வந்துவிடுகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் தடுப்பூசி வண்டி ஒன்றை மலைப்பாதையில் மறித்து, அதிலிருந்த ஒன்பது பேரைக் கொண்டுபோனார்கள். மருந்துப் பெட்டிகளைக் குளிர் குறையாமல் பார்த்துக்கொள்கிறவர் இவளுடைய கணவர். கொண்டுபோனது மலைப்படை, மேஸ்திரியின் ஆட்கள். சண்டைக்கு முன் அவன் உண்மையிலேயே கட்டட மேஸ்திரிதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் செத்தான், படை கலைந்தது. ஆறே மாதத்தில் அதே மலையில் ‘விடியல் அணி’ என்று ஒன்று முளைத்தது. தாங்கள் புது ஆட்கள் என்கிறார்கள். சமாதானப் பேச்சில் நாற்காலியும் கேட்கிறார்கள்.

அவர்களுடைய அலுவலகத்துக்கே போயிருக்கிறாள் இந்த மனைவி. “அது பழைய ஆளுங்க பண்ணது. தலைவனும் செத்தான், படையும் போச்சு. எங்களைக் கேட்டா?” என்று அனுப்பிவிட்டார்களாம். கடைசி வரி: ‘நீங்கள் இதற்கென்றே இருப்பவர். யாரைக் கேட்பது என்றாவது சொல்லுங்கள்.’

எனக்குத் தெரியவில்லை. அதை எப்படி எழுதுவது?

மார்ச் 9, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விடியல் அணியின் புது வீடியோவை ஓடவிட்டிருந்தேன். ஊருக்கே வெளியிட்டது, ஒளிவு மறைவு இல்லை. முகத்தில் துணி கட்டிய ஒருவன் நான்கு நிமிடம் சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறான். இவர் எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: “அந்த ஆளுக்குப் பல் செட்டு சரியா உக்காரலை.”

“எந்த ஆளுக்கு?”

“பேசறானே, அவனுக்குத்தான். ‘ச’ வர்ற எடத்துல எல்லாம் காத்துப் போகுது பாரு. மேல முன்பல் நாலு. அளவெடுத்தவன் சொதப்பிட்டான்.”

“அவன் பேசற பாஷையே உனக்குத் தெரியாதே!”

“பாஷை தெரியாது. பல்லு தெரியும்.”

இருபது வருடமாகப் பல் மருத்துவர். கல்யாண வீட்டில்கூட எதிரே வருகிறவர் வாயைத்தான் முதலில் பார்ப்பார். எத்தனை தடவை அதற்காகத் திட்டியிருக்கிறேன்! இன்றைக்கு எழுந்து போய்க் கட்டிக்கொண்டேன். மகள் “சீ, சாப்பிடற எடத்துல” என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏனென்றால் மேஸ்திரிக்கு முன்பல் நாலு கிடையாது. சுவர் இடிந்து விழுந்து போனவை. அவனே என்னிடம் சொன்னான்.

மார்ச் 10, திங்கள்

நான்கு வருடத்துக்கு முன் அவனோடு தொலைபேசியில் பேசியதன் பதிவைத் தோண்டி எடுத்தேன். பதினோரு நிமிடம். நடுவில் அவன் சிரிக்கிறான்: “செங்கல்லு நாலு பல்லைத் தின்னுடுச்சு, நான் அந்தச் சுவத்தையே திரும்பக் கட்டினேன்.” ஒரு காதில் அது, மறு காதில் வீடியோ. ச. ச. ச. அதே காற்று.

ஒருங்கிணைப்பாளர் இரண்டையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தால் மறுப்பு வருகிறது என்று பொருள்.

“பல்லை வச்சு அறிக்கை எழுத முடியாது.”

“தெரியும்மா.”

“ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு ஆதாரமாவது வேணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“வேண்டாம்மா.”

“அதோட, அவன் செத்துட்டான்னு சொன்னதும் நீங்கதான். அதையும் யோசிச்சுக்கோங்க.”

யோசிக்காமல் இருக்க முடியுமா?

மார்ச் 13, வியாழன்

பழைய கோப்பைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம் என்று ஒரு மனசு. இல்லை, அன்றைக்கே ஒழுங்காகத் திறந்திருக்கணும்டி நீ.

பத்தி 61-க்கு ஆதாரம் மூன்று. ஒரு கல்லறைப் படம். மருந்துக்கடைக்காரர் ஒருவர் — உடலைப் பார்த்தேன் என்றவர். டயர் கடைக்காரர் ஒருவர் — அடக்கத்தில் நின்றேன் என்றவர். வேறு வேறு ஊர், வேறு வேறு தொழில். தொடர்பில்லாதவர்கள் என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

அங்கே களத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் திரும்பப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது; பழைய விவகாரம் தெரியாது. சர்வசாதாரணமாகச் சொன்னாள்: “யாரு, மருந்துக்கடையும் டயர் கடையுமா? மச்சான் மாப்பிள்ளை ஆச்சே அக்கா. இவரு தங்கச்சியைத்தானே அவரு கட்டியிருக்கார்.”

மச்சான்! ரெண்டு பேரும் மச்சான்! ஒரே வீட்டுச் சோறு தின்னுட்டு ஒரே கதையைச் சொல்லியிருக்காங்க, நான் ரெண்டு ஆதாரம்னு எண்ணி எழுதியிருக்கேன். ஒரு கேள்வி. உங்களுக்கு அவர் என்ன உறவுன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். எங்க வீட்டு விசேஷத்துல யாராவது வந்து நின்னா மூணு தலைமுறைக்கு உறவு விசாரிக்கிறவ நான். வேலைல கேக்கத் தோணலையே எனக்கு.

அந்தப் பத்தியால்தான் படை கலைந்ததாக ஆனது. அந்தப் பத்தியால்தான் ஒன்பது பேருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

மார்ச் 14, வெள்ளி

ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “சரி, களத்துக்குக் கிளம்புங்க. டிக்கெட் நான் பாத்துக்கறேன்” என்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

ஆட்சேபம் இல்லை என்று எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

வந்து சேர்ந்தோம்! நானும் தோட்டாவும். தோட்டா எங்கள் ஆயுத நிபுணர். பழைய ராணுவக்காரர், வழுக்கை, வாட்டசாட்டம். காலித் தோட்டாவை உள்ளங்கையில் உருட்டி எந்த வருடம் எங்கே செய்தது என்று சொல்வார். எங்கள் பையில் அவர் கொண்டுவந்த பூதக்கண்ணாடி மட்டும் மூன்று.

விடுதி அறையில் ஜன்னல் சாத்தாது, தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு வருடமாக மற்றவர்கள் எழுதிய காகிதத்தையே படித்துக் கிடந்தேன். மொழிபெயர்ப்பாளர் காரிலிருந்து இறங்கியதுமே கேட்டாள்: “அக்கா, நிஜமாவே அவன் உயிரோட இருக்கானா?”

“அப்படிக் கேக்காதே. இனிமே யார்கிட்டயும் அவன் பேரை நம்ம வாயால எடுக்கக் கூடாது. அவங்களாச் சொல்லணும்.”

மார்ச் 27, வியாழன்

இன்று நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தவர்களின் முகாம். தகரக் கொட்டகை, நீள பெஞ்சு. எட்டுப் பேரிடம் பேசினோம். ஏழு பேரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒன்றும் தெரியாது என்றார்கள். எட்டாவது ஆள் சமையல்காரர். ஐம்பதைத் தாண்டியவர், விடியல் அணியிலிருந்து தப்பி வந்து இரண்டு மாதம். துப்பாக்கியே தொட்டதில்லையாம். அதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம்கூட.

அவரிடம் சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், ஆள் மலர்ந்துவிட்டார். ஈர விறகின் தொல்லை, அறுபது பேருக்குப் போதாத பாத்திரம், எல்லாம் வந்தது. பிறகு சொன்னார்:

“பெரிய பாத்திரம் எல்லாருக்கும். சின்னதுல தனியா வெக்கணும். அதுல சோறு குழையக் குழைய வேகணும்.”

“ஏன்?”

“பெரியவருக்கு. பல்லைக் கழட்டித் தம்ளர்ல போட்டுட்டுத்தான் உக்காருவார்.”

தோட்டா குறிப்பேட்டிலிருந்து தலை தூக்கவில்லை, ஆனால் பேனா நின்றுவிட்டது.

“பெரியவர்னா யாரு?”

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, காற்றில் சுவருக்குச் சாந்து பூசினார். மேலிருந்து கீழே, ஒரு இழுப்பு.

நான் முகத்தை அசைக்கவில்லை. எப்போது அங்கே சேர்ந்தீர்கள் என்றேன். போன வருட அறுவடைக்குப் பிறகாம். நாங்கள் மேஸ்திரியைப் புதைத்து ஒரு வருடம் கழித்து!

கிளம்பும்போது, வேறு யாருக்காவது சமைத்தீர்களா என்று கேட்டேன். சும்மா, கோப்பை மூடிக்கொண்டே.

“மருந்து வண்டி ஆளுங்களுக்கு. பாவம், ஆறு பேர்.”

“பேரு?”

“பேர் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. நம்பர்தான்.”

ஆறு. ஒன்பதில் ஆறு. எந்த ஆறு?

மார்ச் 28, வெள்ளி

ஒருங்கிணைப்பாளரோடு தொலைபேசியில் அரை மணி நேரம் மல்லுக்கட்டு.

“அருமையான சாட்சி. அப்படியே அறிக்கைல போடுங்க.”

“போட முடியாதும்மா. சின்னப் பாத்திரத்துல சோறு வெச்சவர் உலகத்துலயே ஒருத்தர்தான். அறிக்கை வெளியானா அன்னைக்கே அவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சுடும். அவரோட சம்சாரம் இன்னும் அந்த மலை அடிவாரத்துலதான் இருக்காங்க.”

“பேரைச் சொல்லாம எழுதுங்க.”

“பேரே வேண்டாம். பாத்திரம் ஒண்ணு போதும்.”

“அப்ப கைல என்ன இருக்கு உங்களுக்கு? பல்லு!”

ஒன்றும் இல்லைதான். கையில் கிடைத்த நல்ல சாட்சியை நானே கீழே வைத்துவிட்டேன். வேறு வழி கிடைக்காவிட்டால்? அந்த மனைவிக்கு என்ன எழுதுவேன் — உங்கள் கணவர் ஒருவேளை ஆறில் ஒருவராக இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம் என்றா? அதுவும் எழுத முடியாது. எழுதினால் அதுவும் சமையல்காரரிடம்தான் போய் நிற்கும்.

தோட்டா மட்டும் என் பக்கம். “நீ சொன்னதுதான் சரி. வேற ஆளைத் தேடுவோம். அவன் என்ன குகைக்குள்ளயா உக்காந்திருக்கான்? படைக்கு அரிசி வரணும், டீசல் வரணும். லாரி இல்லாம ஆகுமா?”

லாரி!

ஏப்ரல் 1, செவ்வாய்

லாரி நிறுத்தத்தில் நாள் முழுக்க. முழங்கால் அளவுக்குப் புழுதி. தோட்டா டிரைவர்களோடு இன்ஜினைப் பற்றி அளக்க ஆரம்பித்தார். பத்தே நிமிடத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். டீக்கடை பெஞ்சில் நானும் மொழிபெயர்ப்பாளரும்.

மலைப்பாதையில் போக விடியல் அணியிடம் வழிச்சீட்டு வாங்க வேண்டும். கையால் எழுதிய சீட்டு. டிரைவர் தலைக்குமேல் வெயில் தடுப்புப் பலகையில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் எடுத்துக் காட்டினார். வண்டி எண், சரக்கு மணல், தேதி. அதன் கீழே ஒரு வரி: நீளம், அகலம், உயரம்.

“இது எதுக்கு?” என்றேன்.

“யாருக்குத் தெரியும்! அந்தப் பெரிய மனுஷன் டேப்பை எடுத்துக்கிட்டு வந்து அளந்துதான் எழுதுவான். மணலை அளக்கறான், சிமென்ட்டை அளக்கறான். ஒரு நாள் ஆட்டை ஏத்திக்கிட்டுப் போனேன், அதுக்கும் டேப்பை நீட்டறான்!”

கூட்டமே சிரித்தது. தோட்டா என்னைப் பார்த்தார். ஊரில் எந்தச் சோதனைச்சாவடிக்காரன் மணலுக்கு உயரம் எழுதுவான்? காலமெல்லாம் சுவர் அளந்த கைதான் எழுதும்.

ஏப்ரல் 3, வியாழன்

பதினொரு டிரைவர்கள். மூன்று நாளில், தனித்தனியாக, வேறு வேறு ஊர்க்காரர்கள். எல்லாரும் அவனை நேரில் பார்த்தவர்கள். ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி உறவுமுறை. “அந்த நீல லாரிக்காரர் உங்களுக்கு மாமனா, மச்சானா, சித்தப்பா மகனா? பெண் கொடுத்து எடுத்தது உண்டா?” கடைசி டிரைவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “அம்மா, நீங்க என்ன கல்யாணத் தரகரா?”

சிரித்துச் சிரித்து மொழிபெயர்ப்பாளருக்கு விக்கல் எடுத்துவிட்டது. எனக்கும்தான். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிச் சிரித்து!

சீட்டுகள் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் வண்டி எண்ணை மறைத்துப் படம் எடுத்தாயிற்று. நாற்பது வண்டிக்கு மேல் ஓடும் பாதை. யார் கொடுத்தது என்று எவனும் கண்டுபிடிக்க முடியாது.

ஏப்ரல் 9, புதன்

ஊர் திரும்பியதும் நேரே அலுவலகம், பெட்டியோடு. மலைப்படை காலத்துப் பழைய வழிச்சீட்டுகள் என் அலமாரியில் ஒரு கட்டு இருக்கின்றன. தோட்டா மேசைமேல் பழையதை ஒரு வரிசை, புதியதை ஒரு வரிசை பரப்பினார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

“நீயே பாரு.”

ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. நான்கின் தலை மூடாமல் திறந்தபடி. அங்குலத்துக்கு இரண்டு கீறல், இரண்டாவது எப்போதும் நீளம். பெயர் வேறு, முத்திரை வேறு, படையின் பெயரே வேறு. கை ஒன்றுதான்.

நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்துவிட்டார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “நம்ம கண்ணு போதாது. எழுத்தாய்வாளருக்கு அனுப்புங்க. யாரோடதுன்னு சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னார். வாசல் வரை போய்த் திரும்பி, “பிரமாதம்” என்றார். ஆறு வருடத்தில் இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத்தாய்வாளர் பதில்: ஒரே கை. எதிர்த்துச் சொல்ல ஒரு புள்ளிகூட இல்லையாம்.

ஏப்ரல் 30, புதன்

பத்தி 61-ஐத் திருத்த எட்டு வாக்கியம் எழுதி எட்டையும் அடித்தேன். ‘தகவல்களின் அடிப்படையில் அப்போது கருதப்பட்டது’ — யாரால் கருதப்பட்டது? நழுவல் பேச்சு. ‘சூழல் காரணமாக’ — அதுவும்தான். கடைசியில் இருந்தது இது: ‘முந்தைய அறிக்கையின் பத்தி 61 தவறு. அதன் இரண்டு சாட்சிகளும் நெருங்கிய உறவினர்கள் என்பதைக் குழு விசாரிக்கத் தவறியது.’

குழு என்று எழுதும் இடமெல்லாம் நான் என்று படித்துக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். “தப்பான பல்லைப் புடுங்கிட்டா நாங்க நேரா சொல்லிடுவோம். மூடி வெச்சா அடுத்த பல்லும் போயிடும்” என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

மே 15, வியாழன்

பெயர் சொல்லப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விடியல் அணியின் பதில் இன்று வந்தது. அழகாகத் தட்டச்சு செய்த ஒரு பக்கம். மேஸ்திரி மறைந்துவிட்டார் என்பதற்கு அவர்கள் காட்டும் ஒரே ஆதாரம் என்ன தெரியுமா? என்னுடைய பத்தி 61!

சிரிப்பதா அழுவதா? இரண்டும் செய்தேன். பிறகு அந்தக் கடிதத்தையும் இணைப்பாகச் சேர்த்தேன்.

ஜூன் 11, புதன்

கமிட்டி முன் நின்றேன். நீள மேசை, ஒவ்வொருவர் முன்னும் தண்ணீர்க் கோப்பை, யாரும் குடிக்கவில்லை.

பெயரை நீக்கச் சொன்ன நாட்டின் பிரதிநிதி எடுத்த எடுப்பிலேயே பிடித்தார். “அன்னைக்கு அவன் செத்துட்டான்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கு உயிரோட இருக்கான்னு நீங்களே சொல்றீங்க. உங்களை எப்படி நம்பறது?”

எதிர்பார்த்த கேள்விதான். மூன்று வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன் அதற்குப் பதில் தயார் செய்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“என்னை நம்ப வேண்டாம் ஐயா. இணைப்பு நாலைத் திறங்க. இடது பக்கம் பழைய சீட்டு, வலது பக்கம் புதுசு. ஏழை மட்டும் பாருங்க.”

தாள் புரளும் சத்தம். ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாளை முகத்துக்கருகே கொண்டுபோனார். பக்கத்தில் இருந்தவரைத் தொட்டுக் காட்டினார். அவர் அடுத்தவரை. மேசை முழுக்க விரல்கள் ஏழைத் தேடிக்கொண்டிருந்தன. என் பின்னால் உட்கார்ந்திருந்த தோட்டா என் நாற்காலிக் காலை ஷூவால் மெல்லத் தட்டினார்.

தலைவர் அந்தப் பிரதிநிதியைப் பார்த்து, வேறு கேள்வி உண்டா என்றார். இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. பெயர் நீங்கவில்லை. பதிவில் ‘இறந்துவிட்டார்’ அடிக்கப்பட்டது. மலைப்படை என்ற இடத்தில் ‘தற்போது விடியல் அணி என இயங்குவது’ என்று சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது பேரைப் பற்றிய பொறுப்பும் அவர்கள் தலையில்.

குதித்தேன். ஐந்தாம் மாடியில், வயது நாற்பத்தாறில், நிஜமாகவே. கீழ் மாடிக்காரர் மேலே வந்து ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

பிறகு அந்த மனைவிக்கு எழுதினேன். ‘யாரைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். அவர்களையேதான். இனி அவர்கள் தெரியாது என்று சொல்ல முடியாது.’ ஆறு என்ற எண்ணை எழுதவில்லை. கை அந்த இடத்துக்கு வந்து வந்து நின்றது.

ஜூலை 8, செவ்வாய்

முகாம்காரர்களிடமிருந்து தகவல். சமையல்காரரின் மனைவி அவரோடு வந்து சேர்ந்துவிட்டார். சமையல்காரர் வாயே திறக்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அப்படியே நினைக்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

சமாதானப் பேச்சுக்கு நடுவில் நிற்பவர்கள் விடியல் அணியிடம் சொல்லிவிட்டார்களாம்: முதலில் மருந்து வண்டி ஆட்கள், பிறகுதான் நாற்காலி. இது தோட்டா மூன்றாவது ஆள் சொல்லக் கேட்டது. ஒரே ஒரு மூலம்! நம்பக் கூடாது. நம்புகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்குத் தொலைபேசி. தெரியாத எண். இதுவரை கடிதத்தில் மட்டும் தெரிந்தவளின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் குரல். அங்கே அவள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தாள். மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச்சு.

“வந்துட்டார்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“காலைல கொண்டுவந்து விட்டாங்க. ரொம்ப இளைச்சுட்டார். குளிச்சுக்கிட்டு இருக்கார், ரெண்டு மணி நேரமா. கதவைத் தட்டித் தட்டிக் கேக்கறேன், இருக்கியா இருக்கியான்னு. இருக்கேன்றார்.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். மொழிபெயர்ப்பாளரும் அழுதாள், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பின்னால் கதவு திறக்கும் சத்தம். ஆண் குரல் ஏதோ கேட்டது.

“யார்கிட்ட பேசறேன்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?”

“தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்க. முதல்ல அவர் சாப்பிடட்டும்.”

வைப்பதற்குமுன் அவளே சொன்னாள். ஆறு பேர்தான் வந்தார்கள். மூன்று பேரை முதல் குளிர்காலத்துக்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லையாம்.

ஒருங்கிணைப்பாளர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தோட்டா எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். சிரித்தோம், பேசினோம். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வராத அந்த மூன்று பேர் வீட்டுத் தொலைபேசி எண்களையும் கோப்பிலிருந்து எடுத்தேன். ஆறு பேர் வந்த செய்தி இதற்குள் ஊரெல்லாம் பரவியிருக்கும். மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பில் வைத்துக்கொண்டேன். நான் கூப்பிட வேண்டும் என்று விதி இல்லை. கூப்பிடக் கூடாது என்றும் இல்லை.

முதல் வீட்டில், மணி முழுதாக ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.